சாப்பாட்டு அறையில் ஓர் அச்சுக்கூடம்

லண்டன் மாநகரம். 1917-ம் ஆண்டு, மார்ச்சு மாதம் 23-ந் தேதி.

பாரிங்டன் தெருவில் ஒரு கணவனும் மனைவியும் நடந்து வந்தார்கள். ஒரு கடை வாசலில் இருவருடைய கால்களும் நின்றுவிட்டன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சாமான்களை இருவரும் ஆசையோடு பார்த்தார்கள்.

அது நகைக் கடை அல்ல. துணிக் கடையும் அல்ல. அச்சுச் சாமான்கள் விற்கும் கடை!

இருவரும் எழுத்தாளர்கள். வெகு நாட்களாக அவர்களுக்கு ஓர் ஆசை. சொந்தமாக அச்சு எந்திரம் வாங்க வேண்டும். தங்கள் கையாலேயே புத்தகம் அச்சடிக்க வேண்டும்.

இதற்காக ஒரு தொழிற்பள்ளிக்குப் போய்க் கேட்டார்கள். அச்சுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த பழகுநர்களுக்குத்தான் கற்றுக் கொடுப்போம் என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். நடுத்தர வயதில் இருக்கும் ஒரு கணவனையும் மனைவியையும் எந்தச் சங்கம் பழகுநராகச் சேர்த்துக்கொள்ளும்?

கடைக்காரர் நல்ல மனிதர். "பள்ளிக்கூடமே வேண்டாம்" என்ற கருத்தில் தைரியம் சொன்னார். எந்திரத்தோடு 16 பக்கச் சிறு புத்தகம் ஒன்று தருவதாகவும், அதைப் படித்தால் அச்சடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றும் கூறினார்.

வாங்கிவிட்டார்கள். எந்திரம், ஈய எழுத்துகள், மற்றச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து விலை 19 பவுன், 5 ஷில்லிங், 5 பென்சு. அந்தக் காலத்தில் 12 பென்சு சேர்ந்தால் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன்.

யார் இவர்கள்?

கணவர் பெயர் லியோனார்டு உல்ப். மனைவி வர்ஜீனியா உல்ப். ஆங்கில நாவலின் போக்கையே மாற்றியவர் என்று உலகம் இன்று போற்றுகிறதே, அதே வர்ஜீனியாதான்.

லியோனார்டு நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. அவர் இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தார். தமிழும் படித்தார். பின்னர் கண்டியிலும், அதன் பிறகு அம்பாந்தோட்டையிலும் இருந்தார். 1911-ல் விடுமுறையில் ஊருக்குப் போனவர், வர்ஜீனியாவைச் சந்தித்ததும் இலங்கைக்குத் திரும்ப மனம் இல்லாமல் வேலையை விட்டுவிட்டார். 1912 ஆகஸ்டில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது.

கல்யாணமான மறு ஆண்டே சோதனை வந்தது. வர்ஜீனியாவுக்கு மனநோய். சிறு வயதிலேயே தாயை இழந்தபோது வந்த நோய், மறுபடியும் தலைதூக்கியது. தூக்கம் இல்லை; சாப்பாடு இறங்கவில்லை. 1913-ல் உயிருக்கே ஆபத்து ஏற்பட்டு, டாக்டர்கள் போராடிக் காப்பாற்றினார்கள்.

1915 ஜனவரி 25-ந் தேதி வர்ஜீனியாவின் பிறந்த நாள். வயது 33. அன்று கணவனும் மனைவியும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து மூன்று முடிவுகள் செய்தார்கள். ரிச்மாண்டில் உள்ள "ஹோகார்த் ஹவுஸ்" என்ற வீட்டில் குடியேறுவது. ஓர் அச்சு எந்திரம் வாங்குவது. ஒரு நாய் வாங்குவது!

அடுத்த மாதமே நோய் மீண்டும் முற்றியது. அவருடைய முதல் நாவல் அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தபோது, அதைக் கையில் எடுத்துப் பார்த்து மகிழும் நிலையில் அவர் இல்லை. எந்திரம் வாங்கும் எண்ணம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போயிற்று.

மருந்தாக வந்த எந்திரம்

லியோனார்டு மனைவியைக் கூர்ந்து கவனித்து வந்தார். எழுதும்போது வர்ஜீனியாவின் மூளை ஓயாமல் சுழலும். பேனாவைக் கீழே வைத்த பிறகும் அது நிற்பதில்லை. மூளைக்கு ஓய்வு வேண்டும். ஆனால் "சும்மா இரு" என்று சொன்னால் அவரால் இருக்க முடியாது. கைக்கு வேலை கொடுத்தால் மூளை சற்று ஓயுமே!

காலையில் எழுத்து. பிற்பகலில் அச்சு வேலை. இதுதான் லியோனார்டு கண்ட மருந்து. படித்த மேதைகள் எத்தனையோ பேர் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். அவர்கள் யாருக்கும் தோன்றாத யோசனை இது.

ஏப்ரல் 24-ந் தேதி எந்திரம் வந்து இறங்கியது. ஆவலோடு பெட்டியைப் பிரித்தார்கள். வேலைக்காரப் பெண்ணும் கை கொடுக்க, தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்துப் பார்த்தால், ஒரு பாகம் உடைந்திருக்கிறது! மாற்றுப் பாகம் வரும் வரை அச்சடிக்க முடியாது.

அதுவரை என்ன செய்வது? எழுத்துகளைப் பிரித்து அறையில் போட வேண்டிய வேலை இருந்தது. அந்தக் கால அச்சுக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிறு சிறு அறைகள் கொண்ட மரத் தட்டுகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை இருக்கும். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கும். ஆங்கிலத்தில் "எச்" என்ற சின்ன எழுத்தும் "என்" என்ற சின்ன எழுத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வர்ஜீனியா இரண்டையும் கலந்து போட்டுவிட்டார்! அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நம் தமிழில் இதைப்போல் எத்தனை மடங்கு எழுத்துகள்! பழைய தமிழ்க் கம்பாசிட்டர்களின் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். லியோனார்டுக்குப் பிறந்ததிலிருந்தே கைநடுக்கம் உண்டு. சின்ன எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்க அவரால் முடியாது. ஆகவே எழுத்துக் கோப்பது வர்ஜீனியாவின் வேலை. மை தடவி, தாள் வைத்து, கைப்பிடியை இழுத்து அச்சடிப்பது லியோனார்டின் வேலை.

ஒரு சொல் கோக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கையில் உள்ள கட்டையில் அடுக்க வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளித் துண்டு வைக்க வேண்டும். வரியின் முடிவு ஒரே நேராக வரவேண்டும். பக்கம் முடிந்ததும் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இறுக்க வேண்டும். சரியாக இறுக்காவிட்டால் தூக்கும்போது எல்லாம் பொலபொலவென்று கொட்டிவிடும்! அவர்களுடைய எந்திரத்தில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு பக்கம்தான் அச்சாகும். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, மறுபடியும் பிரித்து அறைகளில் போட வேண்டும். அப்போதுதான் அடுத்த பக்கங்களுக்கு எழுத்து கிடைக்கும்.

இதில் வர்ஜீனியாவுக்கு அலுப்பே வரவில்லை. விரல் எல்லாம் மையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

முதல் புத்தகம்

1917 ஜூலையில் முதல் புத்தகம் வெளிவந்தது. பெயர் "இரண்டு கதைகள்". ஒரு கதை கணவர் எழுதியது. மற்றொன்று மனைவி எழுதியது. சுமார் 150 பிரதிகள். விலை ஒன்றரை ஷில்லிங். தைத்ததும் அட்டை போட்டதும் அவர்களேதான். வீட்டின் பெயரையே பிரசுரத்துக்கும் வைத்தார்கள்: ஹோகார்த் பிரஸ்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் நண்பர்களும் தெரிந்தவர்களும். 134 பிரதிகள் விற்றன. செலவு போக 7 பவுன் சொச்சம் மிஞ்சியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு வீட்டுச் சாப்பாட்டு அறையிலிருந்து வந்த புத்தகத்துக்கு இது நல்ல லாபம்தானே!

அடுத்து, காதரின் மான்ஸ்பீல்டு என்ற பெண் எழுத்தாளரின் நீண்ட கதையை எடுத்தார்கள். அதற்கு "பிரிலூட்" என்று பெயர். 300 பிரதிகள். கோத்து, அடித்து, பிரித்து, மீண்டும் கோத்து, 1918 ஜூலையில்தான் முடித்தார்கள். சில பக்கங்களின் தலைப்பில் கதையின் பெயரே தப்பாக அச்சாகிவிட்டது! அப்படியே வெளியிட்டார்கள். அந்தப் பிழையுள்ள பிரதிகளுக்கு இன்று பெரும் பணம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இடையில், உதவிக்கு என்று ஓர் இளம் பெண்ணை அமர்த்தினார்கள். எப்படி எழுத்துக் கோப்பது என்று காட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் நாயுடன் உலாவப் போனார்கள். திரும்பி வந்தால், அந்தப் பெண் இந்த வேலை எனக்கு ஒத்துவராது என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டாள். வர்ஜீனியாவுக்கு நிம்மதி கொடுத்த வேலை, இன்னொருத்திக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கூடம் எல்லாம் கடிதம்

1919 மே மாதம் வர்ஜீனியாவின் "கியூ கார்டன்ஸ்" என்ற சிறுகதையைத் தனிப் புத்தகமாக வெளியிட்டார்கள். 150 பிரதிகள் அளவில்தான் அச்சிட்டார்கள். விற்பனை மந்தம். அலுத்துப்போய்க் கிராமத்து வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். வாசல் கூடம் முழுதும் கடிதங்கள்! "டைம்ஸ்" இலக்கிய இதழில் ஒரு நல்ல மதிப்புரை வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர்களும் வாசகர்களும் பிரதி கேட்டு எழுதியிருந்தார்கள். அவ்வளவையும் கையால் அச்சடிக்க முடியுமா? வெளி அச்சகத்தில் கொடுத்து 500 பிரதிகள் போட்டார்கள்.

விளையாட்டாக வந்தது அன்றைக்கு வியாபாரமாயிற்று. அதே மாதம் டி. எஸ். எலியட்டின் கவிதைத் தொகுதி ஒன்றையும் வெளியிட்டிருந்தார்கள். அவர் அப்போது பாங்கியில் வேலை பார்த்த, அதிகம் பேர் அறியாத கவிஞர். பிற்காலத்தில், 1948-ல் நோபல் பரிசு பெற்றார்.

கைநழுவிய ஒரு புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1918-ல் ஜேம்ஸ் ஜாய்சின் "யுலிசஸ்" நாவலின் ஒரு பகுதி அவர்களிடம் வந்தது. அவ்வளவு பெரிய நாவலை அந்தச் சிறிய எந்திரத்தில் அடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். வெளி அச்சகத்தாரோ, ஆபாசம் என்று வழக்கு வரும் என்று பயந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வர்ஜீனியாவுக்கு அந்த எழுத்து அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1921-ல் லியோனார்டு எழுதிய "கீழ்நாட்டுக் கதைகள்" வெளிவந்தது. அதில் முத்துக் குளிப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. இலங்கையில் இருந்தபோது மன்னார்க் கடற்கரையில் முத்துக் குளிப்பை மேற்பார்வை பார்த்தவர் அவர். சீமையில் அச்சான அந்தச் சின்னப் புத்தகத்தில் நம் பக்கத்துக் கடல் காற்று வீசியது!

அதே ஆண்டு காலால் மிதிக்கும் பெரிய எந்திரம் ஒன்று வாங்கினார்கள். விலை 70 பவுனுக்கு மேல். கனமானது. வீட்டின் கீழ்ப்பகுதியில் உணவுச் சாமான் வைக்கும் அறையில் அதை நிறுத்தினார்கள். சாமான் அறையில் அச்சு. சாப்பாட்டு அறையில் பைண்டிங். உட்காரும் அறையில் எழுத்தாளர்களுடன் பேச்சு. குடித்தனம் எங்கே நடந்ததோ தெரியவில்லை.

எலியட்டின் புகழ்பெற்ற "பாழ்நிலம்" என்ற நெடுங்கவிதை 1923-ல் இந்த எந்திரத்தில்தான் அச்சாயிற்று. முழுவதற்கும் எழுத்துக் கோத்தவர் வர்ஜீனியா. வேலை முடிந்தபோது தன் கை நடுங்குவதாக ஒரு தோழிக்கு எழுதினார்.

யார் தயவும் வேண்டாம்

வர்ஜீனியாவின் முதல் இரண்டு நாவல்களையும் வேறொரு பதிப்பாளர் வெளியிட்டார். அவர் வேறு யாரும் அல்ல. வர்ஜீனியாவின் தாய்க்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகன். உறவுக்காரர்தான். ஆனாலும், அவருடைய ஆட்கள் படித்துப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் நாட்கள் வர்ஜீனியாவுக்கு நெருப்பில் நிற்பதுபோல் இருக்கும். நோய் வருவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான்.

1922-ல் மூன்றாவது நாவல் "ஜேக்கப்ஸ் ரூம்". அதைத் தங்கள் பிரசுரத்திலேயே வெளியிட்டார்கள். பெரிய நாவல் ஆதலால் வெளி அச்சகத்தில் அச்சடித்தார்கள். ஆனால் முடிவு செய்வது அவர்கள். அதன் பிறகு வர்ஜீனியா எழுதிய எல்லா நாவல்களும் ஹோகார்த் பிரஸ் மூலம்தான் வந்தன.

இதனால் என்ன பலன்? அந்த நாவலைப் படித்துப் பாருங்கள். கதாநாயகனை நேராகக் காட்டவே மாட்டார். மற்றவர்கள் கண்ணில் பட்ட துண்டு துண்டான காட்சிகளாகவே கதை போகும். வேறு பதிப்பாளர் என்றால், "அம்மா, கதை எங்கே?" என்று கேட்டிருப்பார். வர்ஜீனியாவை அப்படிக் கேட்க ஆள் இல்லை. இங்கிலாந்தில் இஷ்டம்போல் எழுதும் உரிமை பெற்ற ஒரே பெண் தான்தான் என்று அவர் ஒரு சமயம் டைரியில் பெருமையாகக் குறித்துக்கொண்டார்.

1924-ல் லண்டன் நகருக்குள் டாவிஸ்டாக் சதுக்கத்துக்குக் குடி போனார்கள். மாடியில் வீடு, நிலவறையில் பிரசுரம். நடுவில் வக்கீல்கள் வாடகைக்கு இருந்தார்கள். நிலவறையின் பின்பக்கம் ஒரு கிடங்கு. அங்கே புத்தகக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய நாற்காலியில் அமர்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு வர்ஜீனியா நாவல் எழுதினார். கட்டு எடுக்க ஆட்கள் வந்து போவார்கள். வேலை அதிகமானால் அவரும் எழுந்து வந்து புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டுவார்.

அதே ஆண்டில் மனநோய் அறிஞர் சிக்மண்டு பிராய்டின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். நஷ்டம் வரும் என்று பலர் எச்சரித்தார்கள். வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1939 ஜனவரியில் லண்டனில் பிராய்டை நேரில் பார்க்கப் போனபோது, அவர் வர்ஜீனியாவுக்கு ஒரு பூவைக் கொடுத்தார்.

பணமும் வந்தது. 1927-ல் வெளியான "டு தி லைட்ஹவுஸ்" நாவலின் வருமானத்தில் ஒரு பழைய மோட்டார்க் கார் வாங்கினார்கள். 1930-ல் அந்த ஆசிரியையே இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்குக் கணவருடன் காரில் போய், கடை கடையாக ஏறிப் புத்தகங்களுக்கு ஆர்டர் பிடித்தார்! எழுதியவரே விற்கப் போனால் கடைக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பதை நம் எழுத்தாளர்கள் பலர் அறிவார்கள்.

காலில் விழுந்த கட்டு

இவ்வளவும் நல்லதுதான். மறு பக்கம் ஒன்றும் உண்டு.

ஊரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் பிரதிகளை அனுப்பினார்கள். அவற்றைப் படிப்பது பெரும்பாலும் வர்ஜீனியாவின் வேலை. தன் நாவலைப் பாதியில் வைத்துவிட்டுப் பிறர் நாவலைப் படிக்க வேண்டும். லியோனார்டு கணக்கில் கறார். சம்பளம் குறைவு, கண்டிப்பு அதிகம். உதவிக்கு வந்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சண்டைகளைச் சமாதானப்படுத்தும் வேலையும் சேர்ந்தது. மனைவியின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்த அந்த மனிதருக்கு, வேலைக்கு வந்த பிள்ளைகளின் மனம் மட்டும் ஏனோ புரியவில்லை.

மூடிவிடலாமா என்று இருவரும் பல தடவை பேசினார்கள். மூட மனம் வரவில்லை. கடைசியில் 1938-ல் வர்ஜீனியா தன் பங்கை 3000 பவுனுக்கு ஜான் லேமன் என்பவரிடம் விற்றார். இவரும் முன்பு கோபித்துக்கொண்டு போனவர்தான்!

1940-ல் ஆமத் அலியின் "டெல்லியில் அந்தி" நாவலை ஹோகார்த் பிரஸ் வெளியிட்டது. 1857-ம் ஆண்டு எழுச்சியைப் பற்றிய பகுதிகளை அச்சிட அச்சகத்தார் முதலில் தயங்கினார்கள். வெட்டாமலே புத்தகம் வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்தது. பிரசுரம் அப்போது இருந்த வீடு சேதமடைந்தது. மிஞ்சியதை வாரி எடுத்துக்கொண்டு வெளியூருக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் பழைய டாவிஸ்டாக் சதுக்க வீடும் தரைமட்டமாயிற்று.

கிராமத்து வீட்டில் வர்ஜீனியா தன் கடைசி நாவலை எழுதி முடித்தார். இப்போது அச்சு வேலை இல்லை. கட்டுக் கட்டும் வேலை இல்லை. பழைய நோய் திரும்பிக்கொண்டிருந்தது. 1941 மார்ச்சு மாதக் கடைசியில் அவர் லேமனுக்குக் கடிதம் எழுதினார். நாவல் நன்றாக இல்லை. வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மார்ச்சு 28-ந் தேதி பக்கத்து ஆற்றில் அவருடைய வாழ்வு முடிந்தது. வயது 59.

அந்த நாவல் "பிட்வீன் தி ஆக்ட்ஸ்". லியோனார்டு அதை அதே ஆண்டு ஜூலையில் ஹோகார்த் பிரஸ் மூலமே வெளியிட்டார். கையெழுத்துப் பிரதி முடிந்துவிட்டது, ஆனால் ஆசிரியை கடைசியாகத் திருத்தவில்லை என்று முன்பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தார். மனைவியின் கடைசி வேண்டுகோளை அவர் மீறியது சரியா, தவறா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு.

லியோனார்டு 1969 வரை வாழ்ந்தார். 1960-ல் ஒரு தடவை இலங்கைக்கும் வந்து போனார். சாமான் அறையில் நின்ற மிதி எந்திரத்தை 1930-லேயே ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டார்கள். கென்ட் மாவட்டத்தில், சிசிங்ஹர்ஸ்ட் என்ற அந்தத் தோழியின் பழைய மாளிகையில் அது வைக்கப்பட்டது. தோட்டம் பார்க்க வருகிறவர்கள் படி ஏறிப் போய் அதையும் பார்க்கிறார்கள்.